அடுத்த கட்டை

நெட்டையாக நிற்கும் பழைய பியானோவின் முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறேன். கம்பிகளைத் தாங்கும் மரப்பாலத்தில் விழுந்த விரிசலுக்கு நேற்றே பசை விட்டு இறுக்கியாயிற்று. இன்று புது ஆணிகளை அடித்து, தளர்த்திய கம்பியை முறுக்குகிறேன். சன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. வீட்டுக்கார அம்மாள் நாற்காலியை நகர்த்திப் போட்டு என் கையையே பார்க்கிறாள். வேலையில் ஏய்த்துவிடுவேன் என்று நினைக்கிறாள் போல. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்தக் கம்பிக்குரிய கட்டையை விரலால் தட்டுகிறேன். கரகரப்புப் போய்ச் சுத்தமாக ஒலிக்கிறது. அவள் எழுந்தேவிடுகிறாள். “எங்க வீட்டுக்காரர் எப்பவும் வாசிக்கிற பாட்ட இதுலதாங்க ஆரம்பிப்பாரு. அவரு போயி ரெண்டு வருசமாச்சு. மிச்சத்தையும் வாசிங்க.” “எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா. தட்டிப் பாக்கத்தான் தெரியும்.” “நல்ல ஆளுதான் போங்க! சமையக்காரருக்குச் சாப்பிடத் தெரியாதாம்.” “சரி, அடுத்த கட்டை எதுன்னு காட்டுங்க.” அவள் விரல் கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. “நான் எங்க பாத்தேன்? அடுப்படியிலருந்து கேட்டதோட சரி.” பக்கத்துக் கட்டையைத் தட்டுகிறேன். கண்ணை மூடிக் கேட்கிறாள். “இது இல்ல.” முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதற்கடுத்ததைத் தட்டுகிறேன்.