கீறல் விழாத கடிகாரம்

இன்றைக்கு ஒரு கைக்கடிகாரமாவது விற்காவிட்டால் நாளை வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். அதனால் மாலையில் வந்த ஒரே வாடிக்கையாளரைப் புதிய விற்பனைப் பெண் விடுவதாக இல்லை.

"மலையேறும்போது கட்டிக்கிறதுக்கு ஒரு வாட்ச் வேணும்மா. விலை கையைக் கடிக்கக் கூடாது."

"இதைப் பாருங்க சார். மழையில நனையலாம், பாறையில மோதலாம், ஒண்ணும் ஆகாது."

"கீறல் விழுமா?"

"பத்து வருஷம் ஆனாலும் புதுசு மாதிரியே இருக்கும் சார்!"

அவர் முகம் சுருங்கியது. எங்கே தப்பாகப் பேசினோம் என்று அவளுக்குப் புரியவில்லை. பதற்றத்தில் வேறொன்றை எடுக்க இழுப்பறையைத் திறந்தாள். அங்கே ஒளித்து வைத்திருந்த மாதிரிக் கடிகாரம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு வாரமாக வருகிறவர்களுக்கெல்லாம் தரையில் போட்டுக் காட்டியதில் அதன் உடம்பெல்லாம் கீறல்.

"இதுவும் அதே வாட்ச்தானே?"

பொய் சொல்ல நா எழவில்லை. "ஆமா சார்." வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

"இதையே குடும்மா."

"ஐயோ, இது அடிபட்டது சார்!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுதாம்மா வேணும். எங்க மலையேறுவோர் சங்கத்துல பன்னெண்டு பேரு. நாளைக்கு என்னைத் தலைவராக்குறாங்க. இருபது மலை ஏறினதா சொல்லி வெச்சிருக்கேன். எங்க வீட்டு மாடிக்கே நான் லிஃப்ட்லதான் போறேன்."

அவர் கட்டிக்கொண்டு கிளம்பியதும், எல்லாவற்றையும் காதில் வாங்கியிருந்த முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்தார்.

"நாளைக்கும் வாம்மா. வந்ததும் முதல் வேலையா பதினோரு வாட்சைத் தரையில தேய்ச்சு வை. அந்தச் சங்கத்துல இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."