உச்சிவேளைத் துலா

"அம்மா, பேய்க்கும் தண்ணி விடாய்க்குமோ?"

பள்ளிக்கூடத்தால் வந்த பத்மாசினி சிலேற்றைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். ஏழு வயது. உச்சிவேளையில் தங்கள் கிணற்றடியில் தண்ணீர் அள்ளும் துலா தன்பாட்டில் கிறீச்சிடுகிறது என்று பக்கத்து வளவுப் பஞ்சலிங்கம் யாருக்கோ சொல்லிக்கொண்டு நின்றதைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

மா அரித்துக்கொண்டிருந்த சிவக்கொழுந்தின் கை ஒரு கணம் நின்றது.

"ஓம் பிள்ளை, விடாய்க்கும். அதுவும் உந்த வெய்யிலுக்கைதானே திரியுது, பாவம்."

அடுத்த நாள் இந்தச் செய்தி பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு கிழமைக்குள் மானிப்பாய்ச் சந்தை வரை போனது. போகிற வழியில் பேய்க்கு முழங்கால் வரை தலைமயிர் வளர்ந்தது, வெள்ளைச் சேலையும் கிடைத்தது. சந்தையால் திரும்பி வந்தபோது அது இரண்டு பேயாகியிருந்தது. ஒன்று அள்ளி வார்க்குமாம், மற்றது குடிக்குமாம்.

அந்தக் கிணறு சிவக்கொழுந்துக்கும் பஞ்சலிங்கத்துக்கும் பங்கு. சிவக்கொழுந்தின் புருசன் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். பஞ்சலிங்கம் வாய்வீரர். ஒருநாள் உச்சிக்கு வந்து பேயின் தலைமயிரைப் பிடித்துப் புளியமரத்தில் கட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிவக்கொழுந்து வேலிக்கு மேலால் சாந்தமாகச் சொன்னாள். "கட்டுங்கோ அண்ணை. ஆனால் அது ஆம்பிளையளைக் கண்டால் பேர் சொல்லிக் கூப்பிடுமாம். திரும்பிப் பாத்தால் வாய் கோணிப்போமாம்."

அன்று உச்சிக்குப் பஞ்சலிங்கத்துக்குத் திடீரென்று இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு பின்னேரம் வரை படுத்திருந்தார். அதற்குப் பிறகு உச்சிவேளையில் அந்தக் குறுகிய ஒழுங்கையில் ஒருவரும் தலை நீட்டுவதில்லை. தானும் அந்நேரம் உள்ளே இருந்து தேவாரம் படிப்பதாகச் சிவக்கொழுந்து சொல்லியிருந்தாள்.

பேயால் அவளுக்குத்தான் கரைச்சல். வீடு வேய்ந்து மூன்று வருடமாகிவிட்டது. போன மாரிக்கு ஒழுகாத மூலை தேடித் தாயும் மகளும் குந்தியிருந்தே நித்திரை கொண்டார்கள். இந்த முறை எப்படியோ பனையோலை வாங்கி, மிதித்துத் தட்டையாக்கி, முற்றத்தில் அடுக்கிவிட்டாள். ஊர் வழக்கப்படி வேய்ச்சலுக்குக் கூலி இல்லை. அக்கம்பக்கம் வந்து வேய்ந்துவிட்டு, பாயசத்தோடு சாப்பிட்டுப் போகும். ஆனால் விடிய ஏறினால் பொழுதுபடத்தான் இறங்கலாம். உச்சிக்குக் கூரையில் இருக்க வேண்டும், கண் நேரே கிணற்றடியில் விழும். கேட்ட எல்லாரும் ஒவ்வொரு சாட்டுச் சொன்னார்கள். நாலைந்து பேருக்கு ஒரே நாரிப்பிடிப்பு.

பஞ்சலிங்கத்தின் பெண்சாதி குணலட்சுமிக்கு மனம் கேட்கவில்லை.

"பூசாரியைக் கூப்பிட்டுக் கழிப்பிச்சு விடன் பிள்ளை. பேய் போச்செண்டால் நாளைக்கே பத்துப் பேர் கூரையிலை நிப்பினம்."

"விடாய்க்குக் குடிக்க வந்ததை என்னெண்டு அக்கா கலைக்கிறது?"

"அப்ப ஐப்பசி மழைக்கை பேயைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குந்தியிரு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிவக்கொழுந்து அன்றிரவு கூரை ஓட்டைக்குள்ளால் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

ஆவணியில் நல்லூர்த் தேர் வந்தது. விடியப்புறமே ஊர் வெறுமையானது. வண்டிலில் பத்மாசினி குணலட்சுமியின் மடியில் இருந்து வழி நெடுகப் பாடிக்கொண்டு போனாள். தேர் அசைந்தபோது எழுந்த அரோகரா ஓசையில் பஞ்சலிங்கத்துக்கே கண் கலங்கியது. சிவக்கொழுந்து கைகூப்பி நெடுநேரம் நின்றாள்.

"வீட்டை வேஞ்சு தா எண்டு கேட்டியோ?" என்றாள் குணலட்சுமி.

"இல்லையக்கா. ஒரு மன்னிப்புக் கேட்டனான்."

பொழுதுபட வீடு திரும்பினார்கள். வண்டிலால் குதித்த பத்மாசினி வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

வீடு புதிதாய் வேய்ந்திருந்தது. முகடு இறுகக் கட்டியிருந்தது, தாழ்வாரத்து ஓலை நூல் பிடித்தது போல நறுக்கியிருந்தது. பழைய ஓலையைக் கட்டி வளவு மூலையில் வைத்து, முற்றமும் கூட்டியிருந்தது. ஒரு பாயசமும் சாப்பாடும் இல்லாமல், அக்கம்பக்கம் கூடிச் செய்யும் வேலை ஆளே இல்லாத ஊரில் ஒரு பகலில் முடிந்திருந்தது.

பஞ்சலிங்கம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மெல்ல இடுப்பில் கட்டிக்கொண்டு, கிணற்றடிப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

"என்ரை வீட்டைக் கூட ஒருத்தரும் உப்பிடி வேயேல்லை."

"உதைத்தானே நீங்கள் புளியிலை கட்டப் போனது," என்றாள் குணலட்சுமி.

சிவக்கொழுந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். இனி அந்தப் பேயைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது என்று பஞ்சலிங்கம் ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போனார்.

அடுத்த நாள் உச்சிவேளை. ஒழுங்கையில் எல்லாக் கதவும் சாத்தியபின் சிவக்கொழுந்து தன் கதவைத் திறந்து வெளியே வந்து, துலாவை இழுத்துத் தண்ணீர் அள்ளி, பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் வந்த பெண்களின் குடங்களில் என்றும்போல் வார்த்தாள். அந்த ஊரில் எந்தக் கிணற்றிலும் வாளி போட விடப்படாதவர்கள் அவர்கள். கூரையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஊரெல்லாம் தேர் பார்க்கப் போன அன்று, கோயிலுக்குள்ளும் விடப்படாத அவர்களும் அவர்கள் வீட்டு ஆண்களும் மட்டும்தான் ஊரில் நின்றவர்கள்.