இன்னும் ஆறுதானா?

“ஆறுதானா? நல்லாக் கேட்டுட்டீங்களா, இன்னும் ஆறுதானா?”

எடிட்டர் மேடம் போனில் கேட்டது அந்த மாலைப் பத்திரிகை அலுவலகம் முழுக்கக் கேட்டது. கால் மணிக்கு ஒரு தடவை இதே கேள்விதான்.

பக்கம் வடிவமைக்கும் கத்திரி தனக்குள் சிரித்துக்கொண்டான். எத்தனை பெரிய செய்தியானாலும் இடத்துக்குத் தக்கபடி நறுக்கிவிடுவான், அதனால் வந்த பட்டப்பெயர்.

காலையில் மலைப்பாதையில் மண் சரிந்து ஒரு வேனை மூடிவிட்டது. ஆறு பேர் அங்கேயே போய்விட்டார்கள். ஏழாவது ஆள் மலைமேல் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் மேஜையில் கிடக்கிறார். பாதை அடைபட்டதால் கீழேயிருந்து யாரும் மேலே போக முடியாது. அங்கேயே குடியிருக்கும் நிருபர் சொல்வதுதான் செய்தி.

“கவலையே படாதீங்க மேடம்” என்றான் கத்திரி. “ரெண்டு பக்கம் ரெடி பண்ணிட்டேன். ஒண்ணுல ‘ஆறு பேர் பலி’, இன்னொண்ணுல ‘ஏழு பேர் பலி’. அந்த ஆள் மூச்சு நின்னா போதும், அடுத்த நிமிஷம் பக்கம் மெஷினுக்குப் போயிடும்.”

மேடம் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, “சரி” என்று மட்டும் சொன்னார்.

அதைப் பாராட்டாகவே கத்திரி எடுத்துக்கொண்டான். தொழிலில் அவன் புலி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு படகு விபத்துக்காகப் பாத்ரூமில் போய் அழுதவன்தான். இப்போதோ, ‘பலி’ என்றால் இரண்டே எழுத்து, தலைப்பில் கச்சிதமாக உட்காரும் என்பதுதான் முதலில் தோன்றுகிறது. பழகப் பழகப் பாலும் புளிக்கும், சாவுச் செய்தி எம்மாத்திரம்?

அச்சுக்கூடத்து ஃபோர்மேன் மூச்சிரைக்க வந்தார்.

“மேடம், மெஷின் சும்மா நிக்குது. வண்டிக்காரங்க கத்தறாங்க. ஆறுன்னே போட்டு அடிச்சிடலாமே?”

“கொஞ்சம் பொறுங்க. இன்னொரு போன் வரட்டும்.”

ஃபோர்மேன் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார். கத்திரி பக்கத்து மேஜையில் புரூஃப் பார்ப்பவரின் காதைக் கடித்தான்.

“பாத்தீங்களாண்ணே? ஏழாகாம விடமாட்டாங்க போல. ஒரு தலை கூடினா பேப்பரும் கூட விக்கும்ல?”

“சும்மா இருடா, காதுல விழப்போகுது.”

“விழட்டுமே! காலைல முதல் போன்ல ஒவ்வொருத்தர் பேராக் கேட்டாங்க. அப்புறம் பேரும் வேணாம் ஊரும் வேணாம், எண்ணிக்கை போதும்னு ஆயிடுச்சு. நாமளாவது மரத்துத்தான் போனோம். இவங்க கல்லுண்ணே. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்.”

மேடத்தின் டீ குடிக்கப்படாமலே ஆடை கட்டிக் கிடந்தது. அவர் மேஜையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது.

மேடம் எடுக்கவில்லை. கை நீண்டு பாதியிலேயே நின்றுவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கத்திரிக்குப் பொறுக்கவில்லை. ‘ஏழு’ பக்கத்தைத் திரையில் தயாராகக் கொண்டுவந்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

“விடுங்க மேடம், நான் கேக்கறேன்.”

ஸ்பீக்கரைத் தட்டினான்.

“சொல்லுங்க சார், ஏழாச்சா?”

“இல்லப்பா, ஆறுதான்! ஆறேதான்!” நிருபரின் குரல் உடைந்தது. “மேடம்கிட்ட போனைக் குடு. அவங்க பையன் கண்ணைத் தொறந்துட்டான்.”