மைனாவின் நேர்முகத் தேர்வு வகுப்பு

மரங்கள் வெட்டுண்டு வீடிழந்த குஞ்சுகளை வேலைக்கு அனுப்பிவைப்பதற்காக, ஒரு புங்கமரக் கிளையில் மைனா பயிற்சி வகுப்பு நடத்திவந்தது. எல்லோருக்கும் ஒரே பாடம்தான்: நிமிர்ந்து உட்கார வேண்டும், கேட்டதற்கு இனிமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

மரங்கொத்திக் குஞ்சு ஒன்றுக்கு மட்டும் அது வரவேயில்லை. ஏற்கெனவே இரண்டு இடங்களில் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். மழைக்காலத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் அதற்கு ஒதுங்க இடமில்லை. மைனாவுக்கு உண்மையாகவே கவலை.

"கிளையைக் கொத்தாதே, கண்ணு. கொத்துகிற பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?"

"பயம் வந்தால் அலகு தானாகப் போகிறது, டீச்சர்."

அன்று ஆள் தேடி வந்த கிளியம்மாள் மூன்று கேள்விகள் கேட்டாள். குஞ்சு ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. எழுந்திருக்கப் போன கிளியம்மாளின் கண்ணில், கிளையிலிருந்த உருண்டையான பொந்து பட்டது.

"இது யார் வேலை?"

மைனா கூனிக் குறுகியது. "மன்னிக்க வேண்டும் அம்மா, இவள்தான். இந்த வாரத்துக்குள் அந்தப் பழக்கத்தை விடவைத்துவிடுகிறேன்."

"நல்ல காரியம் செய்தீர்கள், போங்கள். முட்டையிடப் பொந்து கிடைக்காமல் நாங்கள் பத்துக் குடும்பங்கள் அலைகிறோம். இவளை இப்போதே என்னோடு அனுப்புங்கள்."

மைனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் பாடத்திலிருந்த குறையையும் உடனே திருத்திக்கொண்டது. மறுநாள் காலை, புறாக்குஞ்சும் தேன்சிட்டுக் குஞ்சும் அலகு வலிக்க வலிக்கக் கிளையைக் கொத்திக்கொண்டிருந்தன.