மடங்கிய இரு விரல்கள்

கீரனூர் பக்கத்துச் சிற்றாலயத்தின் சன்னல் வழியாகக் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. கை உடைந்துபோன இயேசு சுரூபத்துக்குச் சிமெண்டுச் சாந்தில் புது வலது கை வைத்துக்கொண்டிருக்கிறார் முத்துக்கருப்பன். கோயில் கோபுரங்களுக்குப் பொம்மை செய்கிறவர். அவர் வைத்த கையில் ஐந்து விரல்களும் நிமிர்ந்து நிற்கின்றன. இடது கையால் தரை கூட்டிக்கொண்டிருக்கும் செசிலி நிமிர்ந்து பார்த்து, விளக்குமாற்றைக் கீழே போடுகிறாள்.

"அண்ணே, இது முருகன் கை மாதிரியில்ல இருக்கு? எங்க சாமிக்கு இப்படி இருக்காதுங்க."

அவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "பழக்கத்துல வந்துருச்சு தாயி. அப்ப எப்படித்தான் இருக்கும்?"

"மூணு விரலு நிமிந்து நிக்கும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மத்த ரெண்டும் மடங்கியிருக்கும். கடவுளும் அவருதான், மனுசனும் அவருதான்னு அர்த்தம்."

"சொன்னா வெளங்கல. காட்டுங்க."

செசிலியின் வலது கை முந்தானைக்குள் இருக்கிறது. கதிரடிக்கும் மிஷினில் மாட்டி நரம்பு அறுந்த நாளிலிருந்து அதன் மோதிர விரலும் சுண்டு விரலும் நிமிர்வதில்லை. கல்யாண வீட்டில்கூட அவள் அதை வெளியே எடுப்பதில்லை. இப்போதும் தயங்குகிறாள். பிறகு முந்தானையை விலக்கி, கையை வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள்.

முத்துக்கருப்பன் கிட்டே வருகிறார். அவள் கையைப் பார்க்கிறார், சாந்தைப் பார்க்கிறார், மறுபடி அவள் கையைப் பார்க்கிறார்.

"இதான் வேணும். அசைக்காம வச்சிருங்க தாயி."

ஈரச் சாந்தில் சுரூபத்தின் மோதிர விரல் மெல்ல மடங்குகிறது. கை கடுக்கிறது. செசிலி அதை இறக்கவில்லை.