சிங்காரவேலுவுக்கு ஒப்பாரி

தன் ராக் குழுவின் ஆல்பத்துக்கு ஒப்பாரி கேட்டுப் போனான் கிதார் வாசிக்கும் இளம்பரிதி. "சாவு விழாத வீட்டுக்கு ஒப்பாரி வச்சா ஆவாது தம்பி" என்றாள் ஒப்பாரி பாடும் அஞ்சலை. வாய் கூசாமல், "எங்கப்பா செத்துட்டாரும்மா" என்றான். அப்பாவின் பெயரைக் கேட்டுக்கொண்டவள் மைக்கின் முன்னால் மாரில் அடித்துக்கொண்டு, "சிங்காரவேலு ராசாவே" என்று அழுதாள். அந்த இடத்தில்தான் குரல் உடைந்தது. அதை வெட்டியெறிய அவனுக்கு மனம் வரவில்லை. வெளியீட்டு விழாவில் ஆப்பிரிக்க மேளத்தோடும் சிந்தசைசரோடும் அந்த ஒப்பாரி எழுந்தது. முன்வரிசையில் சலவை வேட்டியோடு அப்பா, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் வந்தது. கணினி அதை நான்கு முறை திருப்பிச் சொன்னது. அப்பாவின் கை நின்றது. குனிந்த தலை நிமிராமல் வாசித்தவன் ஓரக்கண்ணால் பார்த்தான். மகனின் பாட்டு கெட்டுவிடக் கூடாதே என்பதுபோல், அந்தக் கை மறுபடி தாளம் போடத் தொடங்கியிருந்தது.