ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருந்த அட்டை

ஓட்டுப் போடுகிற நாளில் பெண்டாட்டியின் அடையாள அட்டையை எடுத்து ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிற புருஷனை நீங்கள் என்ன சொல்லித் திட்டுவீர்கள்?

ஸனிய்யா எல்லாம் சொல்லித் திட்டி முடித்திருந்தாள். மெத்தையைப் புரட்டிவிட்டாள், மாவு டப்பாவுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிவிட்டாள். ஷெஹாத்தா நாற்காலியில் உட்கார்ந்து ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அட்டையைக் குடு. வாசல்ல ரஷ்வான் பாஷாவோட வண்டி நிக்குது. தெருவே ஏறிடுச்சு."

"நான் பார்க்கலை."

"மூஞ்சியப் பாரு. பொய் சொல்லவாவது ஒழுங்காத் தெரியுதா?"

நைல் டெல்டாவின் அந்தச் சின்ன ஊரில் மைக், ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன் அவன். பதினாலு வருஷம் முன்னால் ஒரு மருதாணி விழாவில் அவன் வைத்த மைக்கில் பாட வந்தவள்தான் ஸனிய்யா. அந்தக் குரலுக்காகத்தான் பெண் கேட்டுப் போனான். இன்றைக்கும் சுற்றுப்பட்டில் அவள் வந்து பாடாமல் எந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் மருதாணி வைக்கமாட்டார்கள்.

அந்தக் குரல் போய்விடக் கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ரஷ்வான் நிற்கிற தேர்தலில் ஓட்டுப்பதிவு இரண்டு கட்டம். பக்கத்து மாவட்டத்துக்குப் போன வாரமே முடிந்துவிட்டது. அங்கே இருக்கிற சித்தப்பா மகன் ஃபிக்ரி, ரஷ்வானுக்கு ஓட்டுப் போட்ட கையோடு போன் பண்ணிச் சிரித்துச் சிரித்துப் பேசினான். மறுநாளிலிருந்து போனை எடுக்கிறான், மூச்சுக் காற்று மட்டும் வருகிறது. அந்தப் பக்கம் எல்லாருக்கும் தொண்டைக் காய்ச்சலாம் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

மூணு நாளைக்கு முன்னால், சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும், சந்தைத் திடலில் ரஷ்வானின் கூட்டம். மைக்செட் ஷெஹாத்தாவுடையது. மேடையேறிய ரஷ்வான் மைக்கை விரலால் தட்டினான். அதில் உயிரில்லை. கீழே குனிந்து, "உஸ்தா, ஸோத் குடு" என்றான்.

எல்லாக் கல்யாணத்திலும் மைக்செட்டுக்காரனை உஸ்தா என்று கூப்பிட்டு, மைக்குக்குச் சத்தம் கேட்டு மேடையிலிருந்து வருகிற வார்த்தைதான். ஷெஹாத்தாவும் குமிழைத் திருகியபடி எப்போதும் சொல்கிற பதிலையே சொன்னான்.

"குடுத்தாச்சு, பாஷா."

ரஷ்வான் நெஞ்சில் கைவைத்து அவனுக்கு நன்றி சொன்னான். மைக்செட்டுக்காரனுக்கு யாரும் அப்படி நன்றி சொன்னதில்லை.

அப்புறம் பேச ஆரம்பித்தான். ரொட்டி விலை ஏறியதற்குக் காரணம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டிருக்கிற அகதிகள்தான் என்றான். அவர்களைத் துரத்த வேண்டுமா வேண்டாமா என்று கேட்டான். வேண்டும் என்று திடலே கத்தியது. நேற்று வரை அந்தக் கூடாரங்களுக்கு மொச்சை விற்றுக்கொண்டிருந்தவனும் கத்தினான்.

"உங்களுக்காகப் பேச நாதியில்லை. இனிமே நான் பேசறேன். உங்க ஸோத்தை எனக்குக் குடுங்க."

அந்த ஊர்ப் பேச்சில் ஓட்டுக்கும் ஸோத்துதான், குரலுக்கும் ஸோத்துதான். ஜனங்கள் ஓட்டு என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

நடுவில் ஏதோ ஜோக் சொல்லிவிட்டு ரஷ்வான் சிரித்தான். சிரிப்பின் கடைசியில் சின்னதாக ஒரு விக்கல். ஷெஹாத்தாவின் கை குமிழிலேயே நின்றுவிட்டது. அது ஃபிக்ரியின் சிரிப்பு. இருபது வருஷமாகக் காதை வைத்துப் பிழைக்கிறவன், அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஸனிய்யா நம்பவில்லை. மொச்சையை வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தால் இப்படித்தான் தோன்றும் என்றாள். ரெண்டு நாள் சொல்லிப் பார்த்தான். மூணாம் நாள் காலையில் அட்டையை எடுத்து ஸ்பீக்கர் பெட்டிக்குள் போட்டுத் திருகாணியை முடுக்கிவிட்டான்.

வாசலில் நின்ற வண்டி ரெண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அவனும் ஓட்டுப் போடப் போகவில்லை. சாவடியை மூடுகிற நேரம் வந்தது. அப்புறம் அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஊரே ஸோத் குடுத்திருக்கு. நான் மட்டும் குடுக்கலை. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போறது?"

"ஆமா. நீ மட்டும் குடுக்கலை" என்றான் ஷெஹாத்தா.

அவள் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். அவனுக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு அவனும் படுத்தான்.

மறுநாள் காலை பள்ளிவாசலில் பாங்கு சொல்லவில்லை. ரொட்டி வண்டிக்காரன் கூவாமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டு போனான். தெரு முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள், ஒருத்தரும் பேசவில்லை.

அடுப்படியில் ஸனிய்யா கோபம் ஆறாமலே ஏதோ மருதாணிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு டீ போட்டாள். ஷெஹாத்தா படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு கடைசி அடி வரை கேட்டான்.

அவள் ரேடியோவைப் போட்டாள். ஜெயித்துவிட்ட ரஷ்வான் நாட்டு மக்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, டீ கிளாஸோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ரேடியோல ஏன் உன் ஸோத் வருது?"

பதில் சொல்ல ஷெஹாத்தா வாயைத் திறந்தான். மூச்சுக் காற்று மட்டும் வந்தது.